கோடையில் மதுரைக்குப் போகிறவர்களுக்கு

(ஏப்ரல் மாத வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடம் மூடப்போகிறது. எங்கே போகலாம் என்ற பேச்சு உங்கள் வீடுகளில் தொடங்கியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலையின் பெயர்தான் முதலில் வரும். மதுரை என்று ஒருவர் சொன்னால், “இந்த வெயிலிலா?” என்று இன்னொருவர் தடுத்துவிடுவார். போனாலும் கொடைக்கானல் பேருந்து ஏறுவதற்கு முன்பு ஒரு அரைநாள், கோயிலைச் சுற்றிவிட்டு ஒரு ஜிகர்தண்டா, அவ்வளவுதான். இந்த வழக்கத்தை மாற்றுங்கள் என்று கேட்பதற்குத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையைப் பார்க்கச் சரியான பருவம் கோடைதான். அந்த ஊரின் மிகப் பெரிய திருவிழா சித்திரையில் வருகிறது. அதன் பெயர் சொல்லும் பூ கோடையில்தான் குவியலாக வருகிறது. ஊரை ஆண்டவர்கள் கட்டிய மண்டபமும் மாளிகையும் குளமும் வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அங்குள்ள மக்களின் நாள் ஒழுங்கும் வெயிலை ஒட்டி அமைந்தது. மார்கழியில் போனால் மதுரை அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் ஏன் இப்படி அமைந்தது, ஏன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் கோடையில் போனால்தான் உடம்புக்குப் புரியும்.

மதுரைக் கோடை என்றால் நாற்பது டிகிரியைத் தொட்டும் தாண்டியும் நிற்கும் வெயில். அதை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். அந்த வெயிலோடு மல்லுக்கு நிற்காமல் வாழ ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பகலை இரண்டாகப் பிளந்து, நடுவில் உள்ள ஐந்தாறு மணி நேரத்தை வெயிலுக்கு விட்டுவிடுகிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு நடை திறக்கும். மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிடுவார்கள். மறுபடி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். சாமியே ஓய்வெடுக்கும் நேரத்தில் நாம் தெருவில் அலைய வேண்டிய அவசியம் என்ன? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. காலையில் விடுதியில் நிதானமாகக் குளித்து, சிற்றுண்டி சாப்பிட்டு, பதினொரு மணிக்குக் கிளம்பி, சுடுகல்லில் வெறுங்காலோடு ஓடி, வரிசையில் நின்று, நடை சாத்தும் நேரத்தில் சன்னதியை எட்டி, சலித்துப்போய் வெளியே வருகிறார்கள். ஊர் மீது குறையில்லை. நேரத்தைத்தான் தவறாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே முதல் செய்தி: விடியலுக்கு முன் எழுந்திருங்கள், உச்சிப் பொழுதில் கூரைக்குள் இருங்கள், இரவில் நடங்கள். இது புதிய யோசனை இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சியை மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாடினார். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்த அந்தப் பாட்டில், மதுரை மாநகரின் பகல் கடைத்தெருவும், மாலையில் கூடும் அல்லங்காடியும், யாமம் யாமமாக இரவு நகர்வதும், கோழி கூவி ஊர் மீண்டும் விழிப்பதும் வருகின்றன. தூங்கா நகரம் என்று இன்று பேருந்து நிலையத்துப் பலகைகளில் எழுதுகிறார்களே, அதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் பின்னால் இருக்கிறது. போகும் முன் அந்தப் பாட்டை ஒரு உரையோடு படித்துவிட்டுப் போங்கள். இந்த நூலகத்திலேயே கிடைக்கும்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்குப் பாண்டியன் விரைவு வண்டி பொருத்தமானது. இரவு ஏறினால் விடியற்காலையில் மதுரைச் சந்திப்பில் இறங்கலாம். நிலையத்திலிருந்து கோயில் நடந்து போகும் தூரம்தான். மாசி வீதிகளுக்கு உட்பட்ட பகுதியில் தங்குங்கள். பளபளப்பான விடுதி புறவழிச்சாலைப் பக்கம் கிடைக்கலாம். ஆனால் அங்கே தங்கினால் ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்து ஊருக்குள் வர வேண்டும். உள்ளே தங்கினால் மதியம் வந்து படுக்கலாம், சாயங்காலம் மறுபடி இறங்கி நடக்கலாம். கோடைப் பயணத்தின் பாதி சுகம் இதில்தான் இருக்கிறது.

கோயிலுக்கு ஐந்தரை, ஆறு மணிக்குள் போய்விடுங்கள். அம்மன் சன்னதி வாசல் வழியாக நுழைந்து முதலில் மீனாட்சியை வணங்கிவிட்டுத்தான் சொக்கரிடம், அதாவது சுந்தரேசுவரரிடம், போவது மதுரை வழக்கம். கைப்பேசியை வெளியிலேயே கொடுத்துவிட வேண்டும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு உறுதியாகிவிட்டது. சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. கையில் படப்பெட்டி இல்லாதபோது கண் வேலை செய்கிறது. பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்து பாருங்கள். தெற்குக் கோபுரம் அங்கிருந்து முழு உயரமும் தெரியும். ஏறக்குறைய 170 அடி. கோபுரங்களில் அதுதான் உயரமானது, மெல்ல உள்வாங்கி வளையும் அதன் விளிம்புக் கோடும் மற்ற மூன்றுக்கும் இல்லை. காலை வெயில் முதலில் அதன் தலையில் விழுந்து, நிலை நிலையாகக் கீழே இறங்கி வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆயிரங்கால் மண்டபத்தையும் காலையிலேயே பார்த்துவிடலாம். பெயரில் ஆயிரம் இருந்தாலும் உள்ளவை 985 தூண்கள். 1569-ல் அரியநாத முதலியார் கட்டியது. உள்ளே கோயிலின் கலைக்கூடம் இருக்கிறது. தூண்களுக்கு நடுவே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை பிசகாமல் தெரியும்.

இனி நான் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புவது புதுமண்டபத்தைப் பற்றி. கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் இருக்கும் நீண்ட கல் மண்டபம் அது. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டினார். அதன் இன்னொரு பெயர் வசந்த மண்டபம். எதற்காகக் கட்டினார் தெரியுமா? வைகாசியில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது, மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலை விட்டு வெளியே வந்து இளைப்பாறுவதற்காக. மண்டபத்தைச் சுற்றிலும் கல்லால் கால்வாய் அமைத்து அதில் நீர் நிரப்பினார்கள். நீரைத் தொட்டு வருகிற காற்று உயர்ந்த தூண்களுக்கு இடையே புகுந்து குளிர்ச்சி தரும். வெயில் காலத்தில் சாமிக்கும் வியர்க்கும், அவர்களுக்கும் காற்று வேண்டும் என்று நினைத்த ஒரு சமூகம், அந்த நினைப்பைக் கல்லில் கட்டி வைத்திருக்கிறது. இன்றும் வைகாசியில் பத்து நாள் வசந்த உற்சவம் நடக்கிறது. நம் காலத்துப் பொறியாளர்கள் கண்ணாடிச் சுவர் எழுப்பிவிட்டுக் குளிரூட்டியைத் தேடுகிறார்கள். இந்த மண்டபத்தின் முன்னால் அவர்களையெல்லாம் ஒரு வைகாசி மாலையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை.

நீண்ட காலமாக அந்த மண்டபத்துக்குள் தையற்காரர்கள், புத்தகக் கடைக்காரர்கள், வளையல், பாத்திரக் கடைக்காரர்கள் இருந்தார்கள். பழைய பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும், சாமியாட்டத்துக்கும் கரகாட்டத்துக்கும் வேண்டிய உடுப்புகளும் அங்கேதான் கிடைக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்குத் தலைப்பாகையும் உடுப்பும் தைத்துக் கொடுத்தவர்கள் அந்தத் தையற்காரர்கள்தான். மண்டபத்தின் சிற்பங்களைக் காப்பாற்றுவதற்காகக் கடைகளைப் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கல்லுக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் கடைகளையும் தேடிப்போய்ப் பாருங்கள். ஒரு துணிப்பையாவது தைத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களும் அந்த ஊரின் கலைச் செல்வம்தான்.

கோயிலிலிருந்து வெளியே நடந்தால் தெருக்கள் ஒன்றைச் சுற்றி ஒன்று சதுரமாக விரிவது தெரியும். மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எந்த மாதம் எந்தத் தெருவில் சாமி புறப்பாடு என்பதுதான் பெயருக்குக் காரணம். ஆனால் ஒரு புதிர். சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். மாசி மாதம் நடந்துவந்த திருக்கல்யாணத்தையும் தேரையும் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தெருப்பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது என்று சொல்வார்கள். வெளி வீதிக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய கோட்டைச் சுவரையும் அகழியையும் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அகற்றினார். சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் புதுத் தெருக்கள் வந்தன. அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. இந்தச் சதுரங்களை ஒரு விடியலில் உள்ளிருந்து வெளியே நடந்து கடந்தால் ஊரின் வயது காலுக்குத் தெரியும்.

அதே விடியலில், முடிந்தால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் வாருங்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டு விரியும் முன், இருட்டோடு இருட்டாகப் பறித்து மூட்டை கட்டிக் கொண்டுவருகிறார்கள். கோடை தொடங்கியதும் விளைச்சல் பெருகும், விலை இறங்கும். பனிக் காலத்தில் தட்டுப்பாட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுகிற அதே பூ, கோடையில் சாக்குச் சாக்காகக் குவிந்து கிடக்கும். இந்தப் பூவுக்கான நாற்று இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. கடலோர மணலில் பதியன் போட்டு வளர்த்த செடி, மதுரைச் செம்மண்ணுக்கு வந்து பூக்கிறது. கோடையில் பூ வாங்கினால் குடியானவருக்கும் கொஞ்சம் உதவி. பேரம் பேசாமல் நான்கு முழம் கூடுதலாக வாங்குங்கள்.

பதினொரு மணிக்கு மேல் நான்கு மணி வரை என்ன செய்வது? படுத்துத் தூங்குவது உத்தமம். தூக்கம் வராத பிள்ளைகளுக்காக இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று, தமுக்கத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம். அந்தக் கட்டடம் இராணி மங்கம்மாளின் கோடை மாளிகையாக இருந்தது. தடித்த சுவர்களும் வளைவுகளும் உள்ள அந்த மாளிகையை அவர்கள் எதற்காகக் கட்டினார்களோ, அதே காரணத்துக்காக நாமும் மதியத்தில் அதற்குள் போகலாம். 1959 ஏப்ரல் 15-ல் நேரு அதைத் திறந்துவைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பிள்ளைகளை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவசரப்படுத்தாதீர்கள்.

அந்தத் துணியைப் பார்த்த கையோடு மேலமாசி வீதிக்கும் போய் வாருங்கள். 1921 செப்டம்பர் 22. மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் இரவு தங்கியிருந்த காந்தி, காலையில் நான்கு முழ வேட்டியோடு இறங்கினார். தலைப்பாகை, சட்டை எல்லாவற்றையும் விட்டது அந்தக் காலையில்தான். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டு, குறைந்த துணியை உடுத்துங்கள் என்று சொல்லும் முன் தானே உடுத்திக் காட்டினார். உலகமே அறிந்த அந்தத் தோற்றம் மதுரைத் தெருவில் பிறந்தது. அன்றைக்குக் காரைக்குடிக்குப் போகும் வழியில் புதிய உடையில் அவர் பேச நின்ற இடத்தைக் காந்திப் பொட்டல் என்கிறார்கள். அந்த வீட்டின் கீழே இப்போது கதர் கடை. ஒரு துண்டு வாங்குங்கள், கோடைக்குக் கதரைவிடச் சிறந்த துணி இல்லை. அதோடு ஒரு சுங்குடிச் சேலையும் பாருங்கள். சௌராட்டிரக் குடும்பங்கள் துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுக்கும் பருத்திச் சேலை அது. வெயிலுக்கு உடம்போடு ஒட்டாது. அச்சில் அடித்ததும் அதே பெயரில் விற்கிறது. கையால் முடிந்தது எது என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றொன்று, புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம். சுற்றுலாவில் நூலகத்துக்கா என்று கேட்காதீர்கள். குளிர்ந்த கட்டடம், பிள்ளைகளுக்கென்று தனித் தளம், நல்ல கழிப்பறை, குடிநீர். கோடையில் ஊர் சுற்றும் குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்? உள்ளூர்ப் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்து, காலையில் பார்த்த கோயிலைப் பற்றி ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள்.

வெயில் தாழத் தொடங்கியதும் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் நான்கில் ஒரு பங்குதான் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதி இடிபட்டது. எஞ்சியதைச் சென்னை ஆளுநர் நேப்பியர் 1866-க்கும் 1872-க்கும் இடையே பழுதுபார்க்கச் செய்தார். அந்த அரண்மனையின் தூண்கள் சில ஊருக்குள் தனியே நிற்பதைப் பார்க்க வேண்டுமானால், விளக்குத்தூண் பக்கத்தில் பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். துணிக்கடைகளுக்கு நடுவில் நாற்பதடி உயரக் கல்தூண்கள் எதையும் தாங்காமல் நிற்கின்றன. மகாலைவிட எனக்கு அந்தச் சந்து அதிகம் பேசும்.

மாலைக் காற்றுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். சுமார் ஆயிரம் அடி நீளம், 950 அடி அகலம். நடுவில் மைய மண்டபம். இதையும் திருமலை நாயக்கர்தான் வெட்டினார். அங்கே மண் எடுக்கும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பது ஊரார் நம்பிக்கை. வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து நிறையும்படி அமைத்தார்கள். நடுவில் பல ஆண்டு கால்வாய் அடைபட்டுக் குளம் காய்ந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் பொட்டலாகக் கிடந்தது. பனையூர்க் கால்வாயைச் சரிசெய்த பிறகு மறுபடி தண்ணீர் நிற்கிறது. அந்தக் கரையில் ஒரு சித்திரை மாலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து உட்காருவதைப் பார்த்தால், ஒரு நீர்நிலையை மீட்டெடுப்பது ஊருக்கு என்ன செய்யும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பெயர்பெற்ற கடையைத் தேடி வரிசையில் நிற்காதீர்கள். பத்து மணிக்கு மேல் எந்த வீதியிலும் ஆவி பறக்கும் இட்டிலிக் கடை இருக்கும். நான்கு வகைச் சட்டினி வரும். கறிதோசை, சுக்கா, கொத்துப் பரோட்டா எல்லாம் மதுரை இரவுக்கு உரியவை. சைவக்காரர்கள் முள்முருங்கை ரொட்டியையும் பனங்கற்கண்டுப் பாலையும் தேடுங்கள். காலையில் தெருமுனையில் பருத்திப்பால் குடிக்காமல் வராதீர்கள். பருத்தி விதையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரிச் சர்பத், பனிக்கூழ் இருக்கும். பிசினும் நன்னாரியும் சூட்டைத் தணிப்பதற்காகச் சேர்ந்தவை. அதைக் குடிப்பதற்கு இரண்டு மணி வெயில்தான் நேரம். மற்றபடி நுங்கும் மோரும் போதும்.

இரண்டாம் நாள் விடியலில் ஊருக்கு வெளியே போங்கள். இங்கே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் மனத்தில் நிற்காது. அழகர்கோயிலா, திருப்பரங்குன்றமா, யானைமலையா, சமணர் மலையா என்று கேட்டால், முதல்முறை போகிறவர்களுக்கு நான் சமணர் மலையைச் சொல்வேன். கீழக்குயில்குடியில், மதுரைக்கு மேற்கே. அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த உருவமும் அவற்றில் உண்டு. துறவு பூண்ட மகனைப் பெற்ற தாயின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்தப் பாறையில் இருக்கிறது. ஏழரை மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் பாறை சுடும்.

இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து கீழடி. மதுரையிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர். 2023 மார்ச் 5-ல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுபோல் முற்றமும் தாழ்வாரமுமாக இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு கரி மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பெயர் கீறிய பானை ஓடுகள், தக்களிகள், பகடைக்காய், உறைகிணறு, ஓடு தேய்த்துச் செய்த வட்டச் சில்லு எல்லாம் இருக்கின்றன. பெரியவர்கள் ஆண்டுக் கணக்கைப் பற்றி வாதம் செய்துகொண்டிருக்கும்போது, பிள்ளைகள் அந்தச் சில்லைப் பார்த்துப் பாண்டி ஆடுகிற கல் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் கண்ணோடு பார்த்தால் போதும்.

உங்கள் பயண நாள் சித்திரைத் திருவிழாவோடு பொருந்திவிட்டால், நான் இதுவரை சொன்ன திட்டத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த நாட்களில் ஊரே வேறு கணக்கில் இயங்கும்.

எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். அன்றிலிருந்து ஆவணி வரை மதுரையில் அவள் ஆட்சி. மறுநாள் திக்விஜயம், அவள் எண்திசையையும் வென்று வருகிறாள். பத்தாம் நாள் திருக்கல்யாணம். அம்மனுக்குத் தாலி ஏறும் நேரத்தில் ஊர்ப் பெண்கள் தங்கள் தாலிச்சரட்டை மாற்றிக்கொள்கிறார்கள். கோயிலுக்குள் இடம் கிடைக்காவிட்டால் வருந்தாதீர்கள். சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து நடக்கும். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடுகிறவர்களைப் பாருங்கள். 1904-ல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக வேலை பார்த்த பள்ளிக்கூடம் அதுதான். மறுநாள் மாசி வீதிகளில் தேர்.

இதற்கிடையே வடக்கே அழகர்மலையிலிருந்து கள்ளழகர் கிளம்பிவிடுவார். தலையில் கொண்டை, கையில் கோல், கள்ளர் வேடம். ஊர் எல்லையான மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு அழைப்பது எதிர்சேவை. தல்லாகுளத்தில் இரவு தங்கி, சீவில்லிப்புத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு, விடியலில் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பார்க்கும். பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு மழையும் விளைச்சலும் செழிக்கும் என்பது உழவர் நம்பிக்கை. சைவக் கோயில் திருமணமும் வைணவக் கோயில் அழகரின் பயணமும் ஒரே விழாவாக இணைந்தது நாயக்கர் காலத்தில். அதற்கு முன் அழகர் தேனூரில் ஆற்றில் இறங்கினார். இன்றும் வண்டியூர் பக்கத்துத் தேனூர் மண்டபத்தில்தான் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கிறார்.

திருக்கல்யாணம், தேர், ஆற்றில் இறங்குதல் மூன்றும் பெரும்பாலும் அடுத்தடுத்த நாட்களில் வரும். சில ஆண்டுகளில் இடையில் இடைவெளி விழுந்துவிடும். அழகர் சித்ரா பௌர்ணமியை ஒட்டித்தான் இறங்குவார். பயணச்சீட்டு எடுக்கும் முன் கோயில் வெளியிடும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிடுங்கள்.

இந்த விழாவில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகப் படுவது தண்ணீர். அழகர் வரும் வழியில் 400-க்கு மேற்பட்ட மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் நீர்மோர், பானகம், விசிறி. தல்லாகுளத்திலிருந்து வண்டியூர் வரை தெருவுக்குத் தெரு பந்தல். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியே கிடையாது. அழகர் வேடமிட்டவர்கள் ஆட்டுத்தோல் பையில் நீர் நிரப்பி, சிறு குழாய் வழியாக அழகர் மேல் பீய்ச்சி அடிக்கிறார்கள். வெயிலில் நடந்து வந்த சாமியைக் குளிர்விப்பதுதான் அந்த நேர்த்திக்கடன். அழகருக்கு அடிக்கும் தண்ணீர் கூட்டத்தின் மீதும் விழுகிறது. வைகையில் பெரும்பாலான ஆண்டுகளில் இயல்பாக நீர் ஓடுவதில்லை, அணையிலிருந்து திறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாளுக்காவது ஆற்றில் நீர் வேண்டும் என்று ஓர் ஊரே கேட்கிறது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கிய விடியலில் நெரிசலில் சிக்கி உயிரிழப்பு நேர்ந்தது. கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் ஆற்றங்கரை நெரிசலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அவர்களுக்கு எதிர்சேவையும், மறுநாள் இராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் தசாவதாரமும், அழகர் பூப்பல்லக்கில் திரும்பும் இரவும் போதும். பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். பந்தலில் நீர்மோர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். குடித்த நெகிழிக் குவளையைத் தெருவில் போடாதீர்கள்; அது அடுத்த மழையில் வைகைக்குத்தான் போகும். வீட்டிலிருந்து ஆளுக்கொரு குவளை கொண்டுபோனால் இன்னும் நல்லது. கால் பொசுங்காமல் இருக்கக் கோயில் தெருவில் விரித்திருக்கும் தேங்காய்நார் விரிப்பின் மேல் நடங்கள். வயதானவர்களுக்கு வழி விடுங்கள்.

இரண்டாம் நாள் இரவு கிளம்பும் முன் இன்னொரு முறை கோயிலுக்குப் போங்கள். ஒன்பது, ஒன்பதரை மணி வாக்கில் சொக்கரின் பாதுகைகள் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகும். மாலைக் கூட்டம் கலைந்திருக்கும். உள்ளூர்க்காரர்கள் மட்டும் வந்து நிற்பார்கள். அவர்களோடு நீங்களும் நில்லுங்கள்.

நண்பர்களே, நான் கேட்பது இரண்டு இரவுகள். கொடைக்கானலுக்குப் போகும் வழியில் மதுரைக்கு அரைநாள் ஒதுக்குகிற வழக்கத்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். சித்திரை முழுவதும் அந்த ஊர் விழித்திருக்கும். உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்.